டயாலிசிஸுக்கு முன் ஓர் அளவு, பின் வேறு அளவு

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு வணக்கம்.

சிறுநீரகம் பழுதானவருக்குக் கோழியும் முட்டையும் ஆகாது என்ற பேச்சு எங்கள் தோட்டப்புறங்களில் இன்றும் ஓடுகிறது. இது பாதிதான் சரி.

டயாலிசிஸ் தொடங்காத நோயாளிக்கு உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 0.8 கிராம் புரதம் போதும். 60 கிலோ எடைக்கு 48 கிராம். ஒரு முட்டையில் 6 கிராம், சமைத்த கோழி 100 கிராமில் ஏறக்குறைய 27. இதற்கு மேல் போனால் சிறுநீரக வடிகட்டிகளுக்குள் அழுத்தம் ஏறி, மிச்சமிருப்பவையும் தேயும். ஜிம்முக்குப் போகும் மகனின் புரத மாவைத் தெம்புக்கென்று அப்பாவுக்கும் கரைத்துக் கொடுப்பது பெருந்தவறு.

டயாலிசிஸ் தொடங்கியதும் கணக்கு தலைகீழ். ஒவ்வொரு முறையும் புரதத்தின் கூறுகளான அமினோ அமிலங்கள் வெளியேறுவதால் கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் வேண்டும். அப்போதும் வெறும் கஞ்சியோடு நிறுத்தினால் தசை கரையும். உடம்பில் நீர் கோத்திருந்தால் தராசு அந்தத் தசைக் குறைவைக் காட்டாது. மேல் கை மெலிகிறதா என்று பாருங்கள். வெள்ளைக்கரு, புதிய மீன் நல்லது. கருவாடு வேண்டாம், அதன் உப்பு தாகத்தையும் வீக்கத்தையும் கூட்டும்.

டயாலிசிஸ் மையங்கள் இந்த அளவுகளைத் தமிழிலும் எழுதி ஒட்ட வேண்டும்.

வாசகர்,
சுங்கை சிப்புட், பேராக்