கல்லணை சைக்கிள் பயணம்: பிள்ளைகளின் சாப்பாடு குறித்து

11ஆம் வகுப்பு மாணவர்களின் பெற்றோர்களுக்கு,

வணக்கம். வரும் சனிக்கிழமை பிள்ளைகள் சைக்கிளில் கல்லணை போய்வருகிறார்கள். போக 20 கி.மீ., வர 20 கி.மீ. அரசு தந்த சைக்கிளில் கியர் இல்லை என்பதால் ஒரு வழிக்கு ஒன்றரை மணி நேரம் பிடிக்கும்.

தினமும் பள்ளிக்கு வரும் அரை மணி நேர மிதிப்புக்குத் தனியாகத் தீனி வேண்டாம். ஒரு மணி நேரம் வரை தண்ணீரே போதும். அதைத் தாண்டினால் மணிக்கு 30 கிராம் மாவுச்சத்தாவது உள்ளே போக வேண்டும். ஒரு பூவன் பழத்தில் ஏறத்தாழ 15 கிராம் இருக்கிறது; மூன்று பேரீச்சம்பழத்திலும் அவ்வளவுதான். இரண்டரை மணி நேரத்துக்கு மேல் இடைவிடாமல் ஓட்டும் பந்தய வீரர்கள் மணிக்கு 60 முதல் 90 கிராம் வரை எடுப்பார்கள். வயிற்றைப் பல வாரம் பழக்கியவர்களுக்கே அது ஒத்துக்கொள்ளும். நம் பிள்ளைகளுக்கு அந்த அளவு வேண்டாம்.

காலை 6.30க்குப் புறப்பாடு. 5 மணிக்குள் நான்கு இட்லி, தொட்டுக்கொள்ளக் கொஞ்சம் சட்னி கொடுங்கள். பூரி, வடை, நெய்ப் பொங்கல் வேண்டவே வேண்டாம். கொழுப்பு வயிற்றிலேயே தங்கி, மிதிக்கும்போது எதுக்களிக்கும். வெறும் வயிற்றோடு அனுப்புவது அதைவிட மோசம். கல்லீரலில் சேமித்த சர்க்கரை இரவுத் தூக்கத்திலேயே பெருமளவு குறைந்துவிடும். அதன்மேல் நெடுநேரம் மிதித்தால் கை நடுங்கும், குளிர்ந்து வியர்க்கும், கண் இருட்டும். லாரி வரும் சாலையில் அது ஆபத்து.

பையில் மூன்று பூவன் பழம், ஆறு பேரீச்சம்பழம், கல்லணையில் சாப்பிட ஒரு சிறு டப்பா எலுமிச்சை சாதம் வையுங்கள். கடலைமிட்டாய் நல்லதுதான், ஆனால் கடலையின் எண்ணெய் மெதுவாகச் செரிக்கும்; அதை ஓய்வு நேரத்துக்கு வைத்துக்கொள்ளட்டும். முதல் பழத்தை 45ஆவது நிமிடத்தில், பசிக்காவிட்டாலும் சாப்பிடச் சொல்லுங்கள். பசி தெரிந்த பிறகு தின்றால் அது ரத்தத்தில் சேரவே கால் மணி நேரத்துக்கு மேல் ஆகும். திரும்பும் வழியில்தான் கூடுதல் கவனம் வேண்டும். மேல்காற்று இருந்தால் போகும்போது முதுகைத் தள்ளும், வரும்போது நெஞ்சில் மோதும். வெயிலும் ஏறியிருக்கும். பலரும் சோர்ந்துபோவது அங்கேதான். கல்லணையில் வயிறு முட்டத் தின்றுவிட்டு உடனே ஏறினாலும் இதே கதிதான்.

அரை லிட்டர் பாட்டில் இரண்டு வேண்டும். ஒன்றில் வெறும் தண்ணீர். மற்றதில் 30 கிராம் சர்க்கரை, இரண்டு சிட்டிகை உப்பு, அரை எலுமிச்சை. இனிப்பைக் கூட்டினால் அது குடலுக்குள் தண்ணீரை இழுத்து வயிற்றைப் பிசையும். குளுக்கோஸ் தூளை அள்ளிப் போடும்போது நடப்பது இதுவே. கால் மணிக்கு ஒருமுறை நான்கைந்து மடக்கு குடித்தால் போதும். பாட்டில்களைக் கல்லணையில் நாங்கள் நிரப்பித் தருகிறோம்.

புரட்டாசிச் சனி விரதம் இருக்கும் பிள்ளைகள் சைக்கிள் ஓட்ட வேண்டாம். உடன் வரும் வேனில் வரலாம். இன்சுலின் போடும் பிள்ளை என்றால் அன்றைய அளவை மருத்துவரிடம் கேட்டு எழுதி வாங்கி, வியாழக்கிழமைக்குள் வகுப்பாசிரியரிடம் நேரில் கொடுங்கள். சர்க்கரைநோய், வலிப்பு, ஆஸ்துமா எதுவாயினும் மறைக்காமல் சொல்லுங்கள். அதற்காக யாரையும் பயணத்திலிருந்து நீக்கமாட்டோம்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்