முட்டைக்கும் பருப்புக்கும் ஒரு நன்றி மடல்

அன்புடையீர், வணக்கம்.

வியாசர்பாடியில் காசநோய்க்கு மருந்து சாப்பிடுகிறவர்கள் வீட்டுக்கு மாதாமாதம் உணவுப் பை போய்ச் சேரக் காரணமான எல்லோருக்கும் இந்த மடல். பெயர் போடாதீர்கள் என்று பாதிப் பேர் கேட்டுக்கொண்டதால் யார் பெயரையும் போடவில்லை. படித்தால் அவரவருக்குத் தெரிந்துவிடும்.

முதல் நன்றி முட்டைக் கடை அண்ணாச்சிக்கு. ஆளுக்கு நாளைக்கு ஒரு முட்டை என்றால் மாதத்துக்கு ஓர் அட்டை. நாமக்கல்லில் அன்றைக்கு என்ன விலையோ அதற்கு மேல் ஒரு பைசா வைப்பதில்லை. வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, கீறல் விழுந்ததை எடுத்துவிட்டு வேறு வைப்பார். புரட்டாசியில் விலை இறங்கியதும், "இந்த மாசம் இன்னும் ரெண்டு வீட்டைச் சேத்துக்கங்க" என்று அவராகவே சொன்னார்.

பையில் அரிசி ஏன் இல்லை என்று சிலர் கேட்டீர்கள். அரிசி ரேஷனில் விலையில்லாமல் வந்துவிடுகிறது. சோற்றில் வயிறு நிறையும், ஆனால் இளைத்த உடம்பு தேற அது மட்டும் போதாது. அதனால்தான் பருப்பு, நிலக்கடலை, பொட்டுக்கடலை, முட்டை, எண்ணெய். மருந்து வேலை செய்யத் தொடங்கியதும் பசி திரும்பும், அதுவும் அகோரப் பசி. கூலிக்குப் போக முடியாத வீட்டில் அந்தப் பசியே ஒரு பயம். "பசி தாங்கல, மாத்திரையை நிறுத்திடலாமான்னு இருக்கு" என்றார் ஓர் அக்கா. வசதியான அண்ணா நகரிலும் வியாசர்பாடியிலும் ஒரே மாத்திரைதான் தருகிறார்கள், கூடச் சேரும் சாப்பாடுதான் வேறு.

அந்த அக்கா சொன்னதைக் கேட்டு, இது உணவு விஷயமும்தான் என்று எங்களை உட்காரவைத்துப் பேசிய சுகாதாரப் பணியாளர் அம்மாவுக்கு அடுத்த நன்றி. 1956இல் இதே சென்னையில் தொடங்கிய ஆய்வுதான், சானடோரியம் என்ற காசநோய் மருத்துவமனையில் படுக்காமல் வீட்டிலிருந்தே மருந்தில் குணமாகலாம் என்று உலகத்துக்குக் காட்டியது. பெருமைதான். ஆனால் "வீட்டிலிருந்தவர்கள் சாப்பாடு குறைவாக இருந்தும் குணமானார்களே" என்ற பேச்சில் சாப்பாடு பின்னுக்குப் போய்விட்டதோ என்பது என் எண்ணம். ஜார்க்கண்டில் நடந்து 2023இல் வெளியான 'ரேஷன்ஸ்' ஆய்வில், நோயாளிக்கு உணவு கொடுத்ததோடு, வீட்டாருக்கும் பெரியவர் ஒருவருக்கு மாதம் 5 கிலோ அரிசி, 1.5 கிலோ பருப்பு, சத்து மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். நோயாளிக்கு மட்டும் உணவு கொடுத்த வீடுகளைவிட இந்த வீடுகளில் புதிதாக நோய் வருவது 39 சதவீதம் குறைந்தது. அந்த அம்மா இதைச் சொன்ன பிறகுதான் வீட்டுப் பிள்ளைகளுக்கும் சேர்த்துப் பருப்பு கட்டுகிறோம்.

மளிகைக் கடைக்காரருக்கும் சொல்ல வேண்டும். அரசு தரும் ஊட்டச்சத்து உதவித்தொகை 2018இல் மாதம் 500 ரூபாயாகத் தொடங்கி, 2024 நவம்பர் முதல் 1,000 ரூபாய் ஆகியிருக்கிறது. அது கணக்கில் ஏறத் தாமதமான மாதங்களில் கடனுக்குக் கொடுத்தார். சிலருடைய கணக்கை அவர் நோட்டில் எழுதவே இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

மஞ்சப்பை தைத்துத் தந்த மகளிர் குழுவினருக்கு நன்றி. பையில் ஓர் எழுத்துகூட வேண்டாம் என்று சொன்னவர்களும் அவர்கள்தான். பக்கத்து வீட்டுக்குத் தெரிந்தால் குழாயடியில் பேச்சு வரும், வாடகை வீட்டில் அது வேறு தலைவலி. காய்கறி வாங்கி வருவதுபோல் பையைக் கொண்டுபோய் வைத்துவிட்டு, வாடகை கேட்காமல் திரும்பிய ஆட்டோ அண்ணன்களுக்கும் நன்றி.

பணம் தந்துவிட்டுப் போட்டோ கேட்காதவர்களுக்குத் தனி நன்றி. பை வாங்குகிறவரோடு நின்று படம் பிடித்தால்தான் தருவேன் என்றவர்களும் உண்டு. அவர்களுக்கு ஒரு கும்பிடு போட்டு அனுப்பிவிட்டோம். மாதம் நூறு ரூபாய் சத்தமில்லாமல் அனுப்புகிறவர்களை வைத்துத்தான் வண்டி ஓடுகிறது.

அடுத்த மாதப் பை கட்டுவது முதல் ஞாயிறு காலையில், வழக்கமான இடத்தில்தான். வருகிறவர்கள் வீட்டில் கிடக்கும் காலி முட்டை அட்டைகளை எடுத்து வாருங்கள். அண்ணாச்சி கேட்டுக்கொண்டே இருக்கிறார்.

நன்றியுடன்,
பை கட்டுகிறவர்கள் சார்பில்,
வியாசர்பாடி, சென்னை