எழுத்து ஓடி முடிந்த பிறகு விளக்கைப் போடுங்கள்: திரையரங்கு உரிமையாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டுத் திரையரங்கு உரிமையாளர்களுக்கும் மேலாளர்களுக்கும் வணக்கம்.

டிக்கெட் விலை, பாப்கார்ன் விலை, பார்க்கிங் கட்டணம் என்று உங்களுக்கு ஏற்கெனவே வேண்டிய அளவு வசவு வந்துகொண்டுதான் இருக்கும். நான் அதற்கெல்லாம் வரவில்லை. எனக்கு வேண்டியது கடைசி நாலைந்து நிமிடம். படம் முடிந்து பெயர்கள் மேலே ஓடத் தொடங்கியதுமே எல்லா விளக்கையும் பளீரென்று போட்டுவிடுகிறீர்கள். சில அரங்குகளில் பாதி ஓடும்போதே நிறுத்தியும் விடுகிறீர்கள். அதை மட்டும் விட்டுவிடுங்கள்.

கேட்பவன் யார் என்று சொல்லிவிடுகிறேன். பத்திரிகைக்காரனோ சினிமாக்காரனோ இல்லை, காசு கொடுத்துப் படம் பார்க்கிறவன். வெள்ளிக்கிழமை விசிலும் கூச்சலுமாக ஒருமுறை பார்ப்பேன். படம் பிடித்துப்போனால் அடுத்த வாரம் ஆளில்லாத மேட்னியில் இன்னொரு முறை. முதல் முறை கதை போகிற போக்கில் நானும் போய்விடுவேன். இரண்டாவது முறைதான் கேமரா எங்கே நின்றது, வசனத்துக்கு நடுவே என்ன சத்தம் கேட்டது என்பதெல்லாம் கண்ணிலும் காதிலும் விழும். எழுத்து போட்ட பிறகுதான் உள்ளே போக முடியும் என்றால் அந்தக் காட்சிக்கே போகமாட்டேன். வீட்டில் இதற்குக் கிறுக்கு என்று பெயர்.

அந்தக் கடைசி எழுத்தில் அப்படி என்ன இருக்கிறது? கதாநாயகி பேசிய குரல் அவருடையதுதானா, டப்பிங் கலைஞருடையதா என்பது இருக்கிறது. இருட்டில் ஒருத்தி நடந்து போகும்போது கேட்ட கொலுசுச் சத்தம் படப்பிடிப்பில் பதிவானதாக இருக்க வாய்ப்புக் குறைவு. பெரும்பாலும் ஒலிக்கூடத்தில் ஒரு ஃபோலி கலைஞர் திரையைப் பார்த்துக்கொண்டே, அவளுடைய காலடிக்குத் தாளம் தப்பாமல் செய்தது அது. அவர் பெயர் போஸ்டரில் வராது, பேட்டியில் வராது. அங்கே ஒரு வரி வரும், மூன்று விநாடி இருக்கும், போய்விடும். ஃபோகஸ் புல்லர், லைட்மேன், புரொடக்‌ஷனில் டீ கொடுத்தவர், ஜெனரேட்டர் வண்டி ஓட்டியவர், எல்லாருக்கும் அந்த ஒரு வரிதான். நாயகன் பெயர் நெருப்பும் புகையுமாகத் திரை முழுக்க வரும்போது யாரும் விளக்கைப் போடுவதில்லை, கவனியுங்கள்.

போன வருடம் ஒரு மாவட்டத் தலைநகரில் செகண்ட் ஷோ. எனக்கு முன் வரிசையில் பாட்டி முதல் கைக்குழந்தை வரை ஒரு குடும்பம். படம் முடிந்தும் எழுந்திருக்கவில்லை. இரண்டு பேர் செல்போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அந்த வீட்டுப் பையன் படத்தில் கேமரா உதவியாளராம். "இப்ப வரும் பாரு, இப்ப வரும்" என்று பாட்டிக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். இசைப் பிரிவுப் பெயர்கள் ஓடிக்கொண்டிருந்தபோது பொட்டென்று திரை வெறுமையாகிவிட்டது. வாசலில் நின்ற ஊழியரிடம் கேட்டதற்கு, "படம் முடிஞ்சிருச்சுங்க, கிளம்புங்க" என்றார். அவரைக் குறை சொல்ல முடியாது. அவருக்குக் கூட்டிப் பெருக்க வேண்டும், பன்னிரண்டரை மணி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். அந்தக் குடும்பமும் சண்டை போடவில்லை, செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு போய்விட்டார்கள்.

"ஜனங்களே எழுந்து போகிறார்கள், நாங்கள் யாருக்காக ஓட்டுவது?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். எழுந்து போவது நம் பழைய பழக்கம். 1962 சீனப் போருக்குப் பிறகு படம் முடிந்ததும் தேசிய கீதம் போட்டுப் பார்த்தார்கள். அதற்கே நிற்காமல் நடையைக் கட்டிய கூட்டம் நாம். அந்த வழக்கமும் நாளடைவில் நின்றுபோனது. ஆனால் பெயர்களைப் பொருட்படுத்தாத கூட்டம் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். இளங்கோவன், மு. கருணாநிதி போன்ற வசனகர்த்தாக்களின் பெயருக்காகவே கொட்டகைக்கு வந்தவர்கள் நம் தாத்தாக்கள். இளையராஜா பெயர் திரையில் வந்தால் கைதட்டியவர்கள் அவர்களுடைய பிள்ளைகள். அப்போது பெயர்கள் எல்லாம் முன்னாலேயே வந்துவிடும். கடைசியில் வருவது வெறும் 'சுபம்' அல்லது 'வணக்கம்'. அதைப் பார்த்து எழுந்தது சரிதான். இப்போது பாதிப் பெயர்கள் பின்னால் போய்விட்டன, நாம் மட்டும் அதே நேரத்துக்கு எழுந்துகொண்டிருக்கிறோம்.

அடுத்தது நேரப் பிரச்சினை. அரசு சிறப்புக் காட்சிக்கு அனுமதி தரும் நாட்களில் காலை 9 மணிக்குத் தொடங்கி இரவு 2 மணிக்குள் 5 காட்சிகளை முடித்தாக வேண்டும். கையில் இருப்பது 17 மணி நேரம். இரண்டே முக்கால் மணி நேரப் படம் என்றால் 5 காட்சிக்குப் பதின்மூன்றே முக்கால் மணி நேரம் படத்துக்கே போய்விடும். மீதியில் இடைவேளை, விளம்பரம், கூட்டத்தை வெளியேற்றுவது, உள்ளே விடுவது. அந்த நாட்களில் விரட்டினால் நானே வாய் திறக்கமாட்டேன். ஆனால் வழக்கமான 4 காட்சி ஓடும் செவ்வாய்க்கிழமை மத்தியானம், இருபது பேர் இருக்கிற அரங்கில் என்ன அவசரம்?

சிரமமான வேலையும் இல்லை. புரொஜக்டரில் கார்பன் குச்சியை எரித்து வெளிச்சம் உண்டாக்கிய காலத்து ஆபரேட்டர் ரீல் மாற்றி, வெளிச்சம் பார்த்து, படம் விடும்வரை மெஷின் பக்கத்திலேயே நிற்க வேண்டும். இப்போது சர்வரில் பிளேலிஸ்ட் போட்டுவிட்டால் விளக்கு அணைவதும் எரிவதும் தானாகவே நடக்கும்படி குறித்து வைக்கலாம். ஓடும் எழுத்து எந்த ஃபிரேமில் தொடங்குகிறது, எதில் முடிகிறது என்ற குறிப்பை, அரங்குக்கு வரும் டிஜிட்டல் படக் கோப்பான டி.சி.பி.யிலேயே சேர்த்து அனுப்பவும் வழி இருக்கிறது. தொடங்கும் இடத்தில் ஓர விளக்கு மட்டும் எரியட்டும், கிளம்புகிறவர்கள் படி தெரிந்து இறங்கிப் போகட்டும். முழு விளக்கு முடியும் இடத்தில். ஒரு படத்துக்கு ஒருமுறை குறித்தால் போதும், அந்தப் படம் ஓடும்வரை அதுவே நடக்கும். எழுத்துக்குப் பிறகு ஒரு துண்டுக் காட்சி இருக்கிறது, இரண்டாம் பாகத்துக்கு முன்னோட்டம் இருக்கிறது என்றால் இதையேதான் செய்கிறீர்கள். ஆக, முடியாத காரியமில்லை.

(திரை மங்கலாக இருப்பது பற்றியும் ஒரு மடல் பாக்கி இருக்கிறது. 3டி படம் போன பிறகும் அதற்காகப் புரொஜக்டரில் மாட்டிய கண்ணாடியைக் கழற்றாமல் சாதாரணப் படம் ஓட்டுகிற அரங்குகள் பற்றித் தனியாக எழுத வேண்டும்.)

ஓ.டி.டி.க்கு 4 வாரத்தில் படம் போய்விடுகிறது, 8 வாரமாவது இடைவெளி வேண்டும் என்று தயாரிப்பாளர்களிடம் கேட்கிறீர்கள். என் ஆதரவும் உங்களுக்குத்தான். ஆனால் அங்கே என்ன நடக்கிறது என்று பார்த்திருப்பீர்கள். படம் முடிந்த நொடியில் பெயர்களெல்லாம் ஒரு மூலைக்குச் சுருங்கி, அடுத்த படத்துக்கு எண்ணத் தொடங்கிவிடும். அதில் நிறுத்திப் பார்க்கவாவது ஒரு பொத்தான் உண்டு. உங்கள் அரங்கில் அதுவும் கிடையாது. படத்தை முழுசாகப் பார்க்க வேண்டுமானால் தியேட்டருக்கு வா என்று கூப்பிடுகிறவர்கள், முழுசாகக் காட்டவும் வேண்டுமல்லவா?

முதலில் ஒரே ஒரு ஸ்கிரீனில், வார நாட்களில் மட்டும் செய்து பாருங்கள். பெருக்க வருகிற அண்ணனிடமும் அக்காவிடமும் முன்கூட்டியே சொல்லிவையுங்கள், பாவம், நான் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு உடம்புக்கு ஏதாவதா என்று கேட்கிறார்கள்.

இப்படிக்கு,
மேட்னிக்கு வரும் உங்கள் வாடிக்கையாளன்