பாற்கடல் என்று ஒரு பூனை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பூனைக்கும் நாய்க்கும் தமிழ்ப் பெயர் வைப்பது மொழிக்கு அவமரியாதை என்று சென்ற ஞாயிறு உங்கள் வாசகர் பக்கத்தில் ஒரு பெரியவர் வருத்தப்பட்டிருந்தார். டாமி, ரோஸி என்று வைத்துவிட்டுப் போங்களேன் என்றும் எழுதியிருந்தார். அவர் திட்டியது என்னைப் போன்ற ஆளைத்தான். சத்துவாச்சாரியில் தையற்கடை வைத்திருக்கிறேன். ஒன்பது வருடமாக மாடியில் பெர்சியன் பூனை வளர்த்துக் குட்டி விற்கிறேன். ஒரு குட்டிக்குக்கூட இதுவரை டாமி என்று வைத்ததில்லை.

பெரியவர் கம்பனைப் படித்திருப்பார். ராமன் கதையைப் பாட வந்த தன்னை, பாற்கடலை நக்கியே தீர்த்துவிடலாம் என்று புறப்பட்ட பூனையோடுதான் கம்பர் ஒப்பிட்டுக்கொண்டார். 'பூசை' என்று அவர் சொல்வது நம் பூனையைத்தான். கல்லூரியில் தமிழ் படிக்கும் என் மகள் இதைச் சொன்ன அன்றே, அப்போது பிறந்திருந்த ஒரு வெள்ளைக் குட்டிக்குப் பாற்கடல் என்று எழுதிவிட்டேன். கம்பரே பூனையாக நிற்கும்போது பூனை தமிழில் நின்றால் என்ன?

பேப்பர், அதாவது வம்சாவளிப் பதிவுச் சான்று, உள்ள பூனைக்கு இரண்டு பெயர். வீட்டில் கூப்பிடும் பெயரை வாங்குகிறவர்கள் வைத்துக்கொள்வார்கள். நான் கொடுத்த குட்டிகளில் நாலு இப்போது சிம்பா. அது அவர்கள் பாடு. பூனைக்குத் தன் பெயர் தெரியும், மற்ற சொற்களிலிருந்து அதைப் பிரித்துக் கேட்கிறது என்று ஜப்பானில் செய்த ஓர் ஆய்வு 2019-இல் வெளிவந்தது. தெரிந்தும் திரும்பிப் பார்க்காது என்பதை நானே சொல்லியிருப்பேன்.

பதிவுப் பெயர் என் பொறுப்பு. நான் பதிகிற அமெரிக்கப் பூனைச் சங்கம் 1906-இல் தொடங்கியது. அங்கே ஒரு பூனையின் பெயர், இடைவெளியும் சேர்த்து 35 எழுத்துக்குள் அடங்க வேண்டும். அதுவும் ஆங்கில எழுத்தில். முன்னால் வளர்ப்பகத்தின் பெயர் வரும். எங்களுடையது பாலாறு. தண்ணீர் ஓடாத ஆறு என்று வேலூரைக் கேலி செய்யாதவர் இல்லை, ஆனால் பேரில் பால் இருக்கிறதே, பூனைக்கு அது போதாதா? பாலாறுக்கு ஆறு எழுத்து, ஓர் இடைவெளி, மிச்சம் 28. துணியை அளந்து வெட்டுகிறவளுக்கு இது பெரிய கஷ்டமில்லை. கஷ்டம் கொடுத்தது ழகரம்தான். ஆசையாக 'யாழ்' என்று வைத்தேன், ஆங்கிலத்தில் ழகரத்துக்கு zh போட்டேன். வாங்க வந்த பெங்களூர்ப் பையன் பேப்பரைப் பார்த்து 'யாஜ்' என்றான். அப்புறம் ழகரத்தை விட்டுவிட்டேன். இன்றைக்கும் மனசு கேட்கவில்லை.

பிரான்சில் அந்தந்த வருடம் பிறக்கும் குட்டிகளின் பெயர் தொடங்க ஓர் ஆங்கில எழுத்து, 2024-இல் 'வி', 2025-இல் திரும்ப 'ஏ'. நம் ஊரில் நட்சத்திரத்துக்கு எழுத்துப் பார்ப்பது மாதிரிதான். நான் எழுத்துப் பார்ப்பதில்லை, குட்டியைப் பார்க்கிறேன். கறுப்பும் செம்பட்டையும் கலந்து பிறந்தவள் கதம்பம். அந்தக் கலவை நிறம் அநேகமாகப் பெண்ணுக்கு மட்டுமே வரும், அதனால் பயமில்லாமல் பெண் பெயர் வைக்கலாம். வெண்ணெய் நிறத்தில் உருண்டையாக இருந்தவன் ஆற்காடு மக்கன் பேடாவை நினைத்து மக்கன். மற்றபடி ஏமாந்ததும் உண்டு. பெர்சியன் குட்டிக்கு அந்த முடிக்குள் ஆணா பெண்ணா என்று தெரிவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். ஒரு மாதம் அல்லி, அல்லி என்று கொஞ்சியது கடைசியில் கடுவன்.

சாமி பெயர் மட்டும் வைப்பதில்லை. "முருகா, கோழித்துண்டைக் கீழே போடு" என்று நான் கத்துவதை எதிர்வீட்டு அம்மா கேட்க வேண்டாம். இந்த ஒன்றில் நான் பெரியவர் கட்சி.

பெயரில் இவ்வளவு என்ன இருக்கிறது என்பவர்களுக்கு என் முதல் பூனையைப் பற்றிச் சொல்கிறேன். பஞ்ச் ஃபேஸ் (அமுங்கிய தட்டை மூஞ்சி), பேப்பர் உண்டு என்று ஒருவர் இருபதாயிரத்துக்குக் கொடுத்தார். வீட்டுக்கு வந்து நிதானமாகப் படித்தால் அந்த ஜெராக்ஸில் பாட்டிக்கும் பேத்திக்கும் ஒரே பெயர், ஒரே பிறந்த தேதி. பெர்சியனுக்குச் சிறுநீரகத்தில் நீர்க்கட்டி வரும் பரம்பரை நோய் ஒன்று உண்டு. தாய் தகப்பனில் ஒருவரிடம் இருந்தாலே குட்டிகளில் ஏறக்குறைய பாதிக்கு வரலாம். என் பூனை ஐந்து வயதில் அதில்தான் போனது. இது எந்த வழியில் வந்தது, இதன் உடன்பிறப்புகள் யார் வீட்டில் இருக்கின்றன என்று தேடிச் சொல்ல அந்தப் பேப்பரில் ஒரு உண்மையான பெயர் இல்லை. இப்போது சோதனை செய்த பூனைகளைத்தான் சேர்க்கிறேன். பத்து வருடம் கழித்து யாராவது தேடினால் பாற்கடலும் கதம்பமும் அகப்படும். சிம்பாவைத் தேடினால் எத்தனை சிம்பா வரும்?

இந்த முறை மூன்று குட்டி. இரண்டுக்குப் பெயர் வைத்தாயிற்று. மூன்றாவது முகத்திலும் காதிலும் காலிலும் வாலிலும் மட்டும் நிறம் வருகிற ஜாதி. பிறக்கும்போது சுண்ணாம்பு மாதிரி இருக்கும், பிறகு உடம்பில் குளிர்ச்சியான இடங்கள்தான் கறுக்கும். முன்பு ஒரு தடவை அவசரப்பட்டு வெண்ணிலா என்று பதிந்தேன். மூன்றாம் மாதம் அவள் மூஞ்சி அடுப்புக்கரி. வேலூர் வெயிலில் நிறம் ஏற நாளாகிறது, இதற்கு இன்னும் மூக்கு நுனிகூடக் கறுக்கவில்லை. கத்திரி முடியட்டும் என்று படிவத்தை மடித்துத் தையல் மெஷின் டிராயரில் வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
தையற்கடை வாசகி,
சத்துவாச்சாரி, வேலூர்.