கத்தி பட்டதாலா பரவியது?

அண்ணா,

அப்பாவின் தலைத்திவசத்தன்று, அவருடைய கணையப் புற்றுநோயைப் பற்றிப் பந்தியில் எல்லோர் எதிரிலும் "கத்தி வெச்சாங்க, பரவிடுச்சு" என்றாய். அம்மா இலை முன்னால் உட்கார்ந்திருந்ததால் நான் வாயைத் திறக்கவில்லை. போனில் பேசினால் சண்டையில்தான் முடியும், அதனால் எழுதுகிறேன். சொந்தக்காரர்களும் படிப்பார்கள். ஆகவே பண விஷயம் இங்கே வேண்டாம், அது நமக்குள் இருக்கட்டும்.

ஆபரேஷன் தியேட்டர் வாசலில் அப்பா பேரைச் சொல்லி "அட்டெண்டர் யாரு?" என்று கூப்பிட்டபோது நான்தான் போனேன். ஒரு ஸ்டீல் தட்டில் எடுத்ததை வைத்திருந்தார்கள். கணையத்தின் தலைப்பகுதி, அதைச் சுற்றி வளைந்த முன்சிறுகுடல், பித்தப்பை, பித்தக்குழாயில் ஒரு பகுதி, எல்லாம் சேர்ந்து ஒரே துண்டாக. காமாலைக்காகப் பித்தக்குழாயில் வைத்த ஸ்டென்ட் என்ற சின்னக் குழாயின் நுனி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. டாக்டர் விரலால் அழுத்திக் காட்டினார். மற்ற இடமெல்லாம் அமுங்கியது, ஓர் இடம் மட்டும் அமுங்கவே இல்லை. கல்லீரலுக்குப் போகும் பெரிய ரத்தக்குழாயில் ஒட்டியிருந்ததாம், அதிலும் கொஞ்சம் வெட்டித் தைத்திருக்கிறார். "இனிமே கணையம், பித்தக்குழாய், இரைப்பை, மூணையும் குடலோட இணைக்கணும்" என்று உள்ளே போய்விட்டார். எனக்குக் கால் நடுங்கியது. நீ அங்கே இருந்திருக்க வேண்டும், அண்ணா. ஏன் இல்லை என்பது உனக்கும் எனக்கும் தெரியும்.

பயாப்ஸியில் அடினோஸ்குவாமஸ் என்று வந்தது. கணையப் புற்றுநோய் வந்தவர்களில் நூற்றுக்கு 1 முதல் 4 பேருக்கு வரும் வகை. வழக்கமானதைவிட வேகமானது, எடுத்தாலும் சீக்கிரம் திரும்புவது. ஸ்கேனில் தெரியாத அளவுக்குச் சிறிய செல்கள் ஆபரேஷனுக்கு முன்பே ரத்தத்தில் கிளம்பிவிடும். அப்புறம் கல்லீரலில் தலைகாட்டியது அப்படிப் போனதுதான். கத்தி கொண்டுபோய்ச் சேர்க்கவில்லை.

இந்த நோயைக் கண்டுபிடிக்கும்போது நூற்றில் 15, 20 பேருக்குத்தான் வெட்டியெடுக்கிற நிலையே இருக்கும். கட்டி தலைப்பகுதியில் இருந்து பித்தக்குழாயை அடைத்ததால் அப்பாவுக்குக் கண் மஞ்சளானது, அதனால் அகப்பட்டது. நீ சொன்னபடி கீழாநெல்லியோடு நிறுத்தியிருந்தால் அந்த வாய்ப்பும் போயிருக்கும்.

சரி, அதைச் சொல்லியிருக்க வேண்டாம். அப்பா வலி தாங்க மாட்டார் என்றுதான் நீ பயந்தாய். வயிற்றிலிருந்து நீர் வடிய வைத்த டிரெயின் பையில் கணைய நீர் கசிவது நிற்காதபோது, ராத்திரியெல்லாம் கண் விழித்து அளவு குறித்தது நீதான். நானாக இருந்தால் தூங்கியிருப்பேன்.

உன்னைக் கேட்காமல் கையெழுத்துப் போட்டேன். அதில் உன் மனசு புண்பட்டதற்கு மன்னித்துக்கொள். கையெழுத்துக்காக மன்னிப்புக் கேட்க மாட்டேன். அப்பாவுக்குச் செய்த இந்த விப்பிள் ஆபரேஷன் பெரியதுதான், ஆனால் அனுபவமுள்ள இடங்களில் அதில் இறப்பவர்கள் இப்போது நூற்றுக்கு 5 பேருக்கும் குறைவு. அதைக் கேட்டுத் தெரிந்துகொண்டுதான் போட்டேன். அதனால்தான் அந்த மார்கழியில் அப்பா சபா கேன்டீனில் உட்கார்ந்து வெண்பொங்கல் சாப்பிட்டார். சாப்பாடு செரிக்கக் கொடுத்த என்சைம் மாத்திரையைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து, முதல் கவளத்தோடு விழுங்கிவிட்டு, "நெய் பத்தலை" என்றார். பக்கத்தில் நீயும் இருந்தாய். வாங்கிக்கொண்டு வந்து ஊற்றினாய். அதைப் பந்தியில் யாரிடமும் சொல்லவில்லையே நீ?

மாமாவுக்குக் குடல் கட்டிக்கு ஆபரேஷன் தேதி கொடுத்திருக்கிறார்கள். உன் பேச்சைக் கேட்ட நாளிலிருந்து வேண்டாம் என்கிறார். நான் சொன்னால் கேட்க மாட்டார், நீ சொன்னால் கேட்பார். இன்றைக்கே கூப்பிட்டுப் பேசு.