மழை நீருக்கு வழியும் எமது பிரதேச சபையின் முன்னேற்றமும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

ஐயா,

வாவிக்கும் கடலுக்கும் நடுவே நீண்டு கிடக்கும் எழுவான்கரை ஊர்களுள் ஒன்றில் பிறந்து, அங்கேயே ஆசிரியப் பணி செய்து ஓய்வுபெற்றவன் நான். எமது பிரதேச சபை கடந்த மாதங்களில் நிறைவேற்றிய வேலைகளின் விபரத்தைப் பொதுச்சந்தை முகப்பில் பெரிய பலகையொன்றில் எழுதி வைத்திருக்கிறது. இன்ன வீதிக்குக் கொங்கிறீட் இடப்பட்டது, இன்ன சந்திக்கு மின்விளக்கு பொருத்தப்பட்டது, இன்ன மயானத்துக்குச் சுற்றுமதில் கட்டப்பட்டது என்று வட்டாரம் வட்டாரமாக எழுதப்பட்டிருக்கும் அந்தப் பலகையின் முன் நின்று இரண்டு முறை வாசித்தேன். மக்களின் பணத்தில் செய்ததை மக்கள் காணும் இடத்தில் எழுதி வைத்த பண்புக்காகச் சபையை மனதாரப் பாராட்டுகிறேன். ஆனால் அந்தப் பலகையில் இல்லாத ஒன்றைப் பற்றியே இக்கடிதத்தை எழுத வேண்டியிருக்கிறது. அது மழை நீர். சபையின் பெயரை நான் இங்கு குறிப்பிடாததற்குக் காரணம், சொல்லவிருப்பது மட்டக்களப்பு மாவட்டத்தின் பன்னிரண்டு உள்ளூராட்சி சபைகளில் பலவற்றுக்கும், அம்பாறையின் கரையோரச் சபைகளுக்கும் பொருந்தும் என்று கருதுவதேயாகும்.

குறை சொல்வதற்கு முன், சபை எந்த நிலையிலிருந்து எழுந்து வந்தது என்பதைச் சொல்லாமல் விடுவது நியாயமாகாது. 2018 பெப்ரவரி 10 ஆம் திகதி தெரிவான சபைகளின் பதவிக்காலம் 2023 மார்ச் 19 உடன் முடிவடைந்தது. அவ்வாண்டு மார்ச் 9 ஆம் திகதி நடந்திருக்க வேண்டிய வாக்கெடுப்பு, வேட்புமனுக்கள் ஏற்கப்பட்ட பின்னரும், நிதி விடுவிக்கப்படாமையால் நடைபெறவில்லை. அது மக்களின் அடிப்படை உரிமையை மீறிய செயல் என்று உயர் நீதிமன்றம் 2024 ஆகஸ்டில் தீர்ப்பளித்த பின்னரும் நாங்கள் காத்திருந்தோம். 2025 மே 6 ஆம் திகதியன்றுதான் வாக்களித்தோம். இடைப்பட்ட இரண்டு ஆண்டுகளுக்கு மேலான காலத்தில் சபைகள் அதிகாரிகளின் பொறுப்பிலேயே இயங்கின. அவர்கள் கடமை தவறினார்கள் என்று நான் சொல்லவில்லை. ஆயினும், தெருவிளக்கு அணைந்தால் சொல்லவும், அடைத்துக்கொண்ட மதகைக் காட்டவும் எமது வட்டாரத்துக்கென ஒருவர் இல்லாமற்போனதை, குறிப்பாக முதியவர்களும் தனித்து வாழும் பெண்களும் நன்றாகவே உணர்ந்தார்கள்.

இப்போது நிலைமை மாறியிருக்கிறது. குப்பை ஏற்றும் உழவு இயந்திரம் எமது வீதிக்குச் சொன்ன நாளில் வருகிறது. உக்கும் கழிவையும் உக்காத கழிவையும் வேறாக்கி வைத்தால் வேறாகவே ஏற்றுகிறார்கள். அந்த வேலையைச் செய்யும் தொழிலாளர்கள் விடியற்காலையில், பலவேளை கையுறைகூட இன்றி, நாம் தொடவும் கூசுகின்றவற்றை அள்ளிச் செல்வதை ஒவ்வொரு வாரமும் பார்க்கிறேன். அவர்களுக்குக் கையுறையும் மழைச்சட்டையும் தடையின்றிக் கிடைக்கச் செய்வது சபையின் முதற்கடமைகளுள் ஒன்று. சந்தையில் மீன் விற்கும் பகுதி நாள்தோறும் கழுவப்படுகிறது. நூலகம் மாலையிலும் திறந்திருப்பதால் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகளுக்கு இடம் கிடைத்திருக்கிறது. பெரிய நிதி தேவைப்படாத, ஆனால் ஒவ்வொரு நாளும் கவனம் தேவைப்படும் இத்தகைய வேலைகளில் சபை காட்டிய அக்கறை பலகையில் எழுதப்பட்டவற்றைக் காட்டிலும் பெரியது என்பது என் எண்ணம்.

இனி மழை நீருக்கு வருகிறேன். எமது ஊர்கள் மணல் மேல் அமைந்தவை. வடகீழ்ப் பருவமழை தொடங்கினால் முன்னர் மணல் பாதி நீரைக் குடித்துவிடும். மிகுதி நீர் ஒழுங்கை வழியாக ஓடி, பள்ளக் காணிகளில் தேங்கி, அங்கிருந்து தோணா எனப்படும் இயற்கை நீரோடைக்கோ வாவிக்கோ சென்றுவிடும். வேலிகள் ஓலையும் கம்பியுமாக இருந்த காலத்தில் நீர் வளவுக்கு வளவு வழி கேட்காமலே போனது. இன்று வேலிகளுக்குப் பதிலாக மதில்கள் எழுந்துவிட்டன. பள்ளக் காணிகள் கிறவல் கொட்டி நிரப்பப்பட்டு வீடுகளாகிவிட்டன. மணல் ஒழுங்கைகள் கொங்கிறீட் வீதிகளாகிவிட்டன. இவற்றுள் எதையும் தவறென்று நான் கூறவரவில்லை. மணலில் சைக்கிள் தள்ளிப் பாடசாலைக்குச் சென்ற தலைமுறையைச் சேர்ந்த எனக்குக் கொங்கிறீட் வீதியின் அருமை நன்கு தெரியும். ஆனால் வீதியைப் போடும்போது அதன் மட்டத்தை எவரும் அளப்பதில்லை. பழைய வீதியின் மேலேயே புதிய கொங்கிறீட் போடப்படுவதால் வீதி உயர்கிறது, வளவு தாழ்கிறது. எமது ஒழுங்கையில் வீதி முக்கால் அடி உயர்ந்ததன் பின், கடந்த மாரியில் பதினொரு வீடுகளின் முற்றங்களில் நீர் ஒன்பது நாட்கள் நின்றது. அதற்கு முந்திய மாரிகளில் அதே நீர் இரண்டு நாட்களில் வடிந்துபோனதை அங்கு வாழும் எல்லோரும் அறிவார்கள்.

ஒன்பது நாட்கள் நிற்கும் நீர் என்ன செய்யும் என்பதை ஊரில் இல்லாதவர்களுக்குச் சற்று விளக்க வேண்டும். எமது பகுதியில் நிலத்தடி நீர் மிக மேலேயே இருக்கிறது. மலசலகூடக் குழியும் கிணறும் ஒரே வளவுக்குள், பல இடங்களில் சில மீற்றர் தூரம் தள்ளித்தான் உள்ளன. நீர் நின்றால் குழி நிரம்புகிறது. குழி நிரம்பினால் கிணறு கெடுகிறது. குழாய் நீர் வந்த வீடுகள் தப்பிக்கொள்கின்றன. மற்றவர்கள் நீர் கொண்டுவரும் பவுசரை எதிர்பார்த்து வாளிகளோடு நிற்கிறார்கள். நீர் வடிந்த பின்னர் டெங்கு வருகிறது. அப்போது பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள் வீடு வீடாக வந்து சிரட்டையையும் பழைய ரயரையும் தேடுகிறார்கள், தேடத்தான் வேண்டும். ஆயினும் வளவின் முன்னால் சபையே கட்டிய, வாயில்லாத வடிகானில் நீர் பச்சையாகி நிற்கும்போது, சிரட்டைக்காக எச்சரிக்கப்படும் தாய்க்கு நாம் என்ன பதில் சொல்வது?

வாயில்லாத வடிகான் என்று நான் சொன்னது மிகைக் கூற்று அல்ல. எமது வட்டாரத்தில் இரண்டு வடிகான்கள் அழகாகக் கட்டப்பட்டு, மூடியும் இடப்பட்டு, நடுவழியில் முடிந்து நிற்கின்றன. ஒதுக்கப்பட்ட நிதி அந்த இடத்தோடு முடிந்துவிட்டது என்பதே அதற்குச் சொல்லப்பட்ட காரணம். நூறு மீற்றர் வடிகான் கட்டப் பணம் இருந்தால், அந்த நூறு மீற்றரும் வாவிப் பக்கத்திலிருந்து தொடங்கப்பட்டிருக்க வேண்டும். கீழிருந்து மேலே கட்டினால் எங்கே நிறுத்தினாலும் கட்டிய அளவுக்குப் பயன் உண்டு. மேலிருந்து கீழே கட்டி நிறுத்தினால் ஒருவர் வாசலிலிருந்த நீரை இன்னொருவர் வாசலுக்கு அனுப்பியதாகவே முடியும். வயலுக்கு வாய்க்கால் வெட்டும் எந்த விவசாயிக்கும் தெரிந்த விடயம் இது.

இதில் சபையை மாத்திரம் குற்றம் சொல்ல முடியாது என்பதையும் ஏற்கிறேன். ஊர் வீதிகளும் ஒழுங்கைகளும் சபைக்குரியவை. ஏ, பீ தர வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கும், சீ, டீ தர வீதிகள் மாகாண வீதி அபிவிருத்தித் திணைக்களத்துக்கும் உரியவை. கல்முனைப் பக்கமிருந்து மட்டக்களப்புக்கு வரும் ஏ4 பெருவீதி எமது ஊர்களை நெடுக்காகப் பிரித்துச் செல்வதால், கடற்கரைப் பக்கத்து நீர் வாவிக்குப் போவதாயின் அந்த வீதியின் மதகுகளுக்கூடாகவே போக வேண்டும். பிரதேச செயலகம் வேறு, பிரதேச சபை வேறு என்பதையே எம்மில் பலர் இன்னும் பிரித்தறியாதிருக்கையில், எந்த மதகு எவருடையது என்று அறிந்து முறைப்பாடு செய்வது சாதாரண மனிதருக்கு இயலாத காரியம். வாவி கடலோடு சேரும் முகத்துவாரத்தை அடைக்கும் மணலை வெட்டித் திறப்பதும் அவ்வாறே. வாவியின் மட்டம் உயர்ந்திருக்கும் வரை எமது வடிகான் எவ்வளவு நன்றாகக் கட்டப்பட்டிருந்தாலும் நீர் இறங்காது. வாவியின் மேற்குப் பக்கமான படுவான்கரையில் வேளாண்மை செய்வோர் வயல் மூழ்கும் முன் முகத்துவாரத்தை வெட்டும்படி கேட்கிறார்கள். மீன்பிடிப்போர், முந்தி வெட்டினால் மீனும் இறாலும் கடலுக்குப் போய்விடும் என்று தடுக்கிறார்கள். இரு தரப்பாரின் கவலையும் உண்மையானது. அந்தப் பேச்சு நடக்கும் மேசையில் எழுவான்கரைக் குடியிருப்புகளின் நீர்மட்டத்தையும் கையில் எடுத்துச் சென்று பேசுவதற்கு எமது சபையைவிட வேறு எவருக்குத் தகுதி உண்டு? "அது எமது அதிகாரத்துக்கு உட்பட்டதல்ல" என்ற பதிலோடு நின்றுவிடாமல், மாரிக்கு முன்னர் உரிய திணைக்களங்கள் அனைத்தையும் ஓரிடத்துக்கு அழைக்கும் பொறுப்பைச் சபை தானாக ஏற்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

வடிகானுக்கும் குப்பைக்கும் உள்ள தொடர்பு வெளிப்படையானது. சபை குப்பை ஏற்றத் தொடங்கிய பின்னரும் பொலித்தீன் பைகளை இரவில் மதகடியில் போடுவோர் எமக்குள் இருக்கிறார்கள். அதை நாமே நிறுத்த வேண்டும். ஏற்றிச் செல்லப்படும் குப்பை எங்கே சேர்கிறது என்பதையும் மறக்கலாகாது. அம்பாறை மாவட்டத்தின் பள்ளக்காட்டுக் குப்பை மேட்டில் பிளாஸ்டிக்கைத் தின்று எட்டு ஆண்டுகளில் இருபதளவு யானைகள் இறந்ததாக 2022 ஜனவரியில் வெளிவந்த செய்தியும் படங்களும் உலகமெங்கும் பேசப்பட்டன. கல்முனை தொடக்கம் அக்கரைப்பற்று வரையிலான ஊர்களின் வீட்டு வாசல்களிலிருந்து போனதுதான் அந்தக் குப்பை.

பணம் எங்கே என்று சபை கேட்கும். கேட்பதில் நியாயம் உண்டு. வீடு, கட்டடங்களுக்காகச் சபைக்குச் செலுத்தும் சோலைவரியில் நிலுவை வைத்திருப்போரில் வசதியுள்ளவர்களும் அடங்குவர் என்பதும், வியாபார அனுமதிப்பத்திரம் பெறாமலே கடை நடத்துவோர் இருக்கிறார்கள் என்பதும் எல்லோரும் அறிந்தவை. ஆனால் வரி கொடுக்கும் மனம், வரி என்னவாயிற்று என்று தெரியும்போதே வளரும். ஆகவே சந்தைப் பலகையோடு நிறுத்திவிடாமல், ஒவ்வொரு வட்டாரத்திலும் எவ்வளவு சோலைவரி சேர்ந்தது, மாகாணத்திலிருந்தும் வேறு வழிகளிலும் எவ்வளவு வந்தது, எந்த வேலைக்கு எவ்வளவு செலவானது, எந்த வேலை பாதியில் நிற்கிறது என்ற நான்கு விபரங்களையும் ஆறு மாதத்துக்கு ஒரு முறை அவ்வட்டாரத்தின் சனசமூக நிலையத்திலும் கோயில், பள்ளிவாசல், தேவாலய முன்றல்களிலும் ஒட்டும்படி வேண்டுகிறேன். 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி எந்தப் பிரசையும் இவற்றை எழுத்தில் கேட்கலாம். பதினான்கு வேலை நாட்களுக்குள் முடிவு சொல்லப்பட வேண்டும். எனினும் ஒவ்வொருவரும் விண்ணப்பம் எழுதிப் பெற வேண்டிய நிலையைச் சபையே இல்லாமல் செய்வது சிறப்பு. பாதியில் நிற்பதை எழுதுவதற்கு வெட்கப்படத் தேவையில்லை. முடிந்ததை மாத்திரம் எழுதும் பலகையைவிட, முடியாததையும் சேர்த்து எழுதும் பலகையையே மக்கள் நம்புவார்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கடந்த மாரியில் எமது ஒழுங்கைக்கு முழங்கால் நீரில் நடந்து வந்து, ஒவ்வொரு வீட்டுக் கிணற்றையும் பார்த்துக் குறித்துக்கொண்டு போனவர் சபையின் பெண் உறுப்பினர் ஒருவர். சபைகளில் நான்கில் ஒரு பங்கு பெண்களுக்கென 2016 இல் சட்டமாக்கப்பட்டபோது அது பெயருக்கான ஏற்பாடாகவே முடியும் என்று ஐயுற்றவர்களுள் நானும் ஒருவன். அந்த ஐயம் தவறு என்பதை அன்று உணர்ந்தேன். அவர் எழுதிச் சென்ற குறிப்பு சபை அமர்வில் பேசப்பட்டதாக அறிகிறேன்; அதன் மேல் என்ன முடிவு எடுக்கப்பட்டது என்பதை ஒழுங்கையிலுள்ள பதினொரு குடும்பங்களும் அறியக் காத்திருக்கின்றன.

அடுத்த ஆண்டுக்கான பாதீடு சபையில் முன்வைக்கப்படுவதற்கு முன், புதிய வீதி எதற்கும் நிதி ஒதுக்குமுன், வட்டாரந்தோறும் நீர் ஓடும் வழியைக் காட்டும் வரைபடம் ஒன்றைத் தயாரிக்கும்படி தவிசாளரையும் உறுப்பினர்களையும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். அதற்குப் பெரும் செலவு வராது. சபையின் தொழில்நுட்ப உத்தியோகத்தர் மட்டம் பார்க்கும் கருவியோடு சில நாட்கள் நடந்தாற் போதும். மதில்களும் வீடுகளும் எழுவதற்கு முன்னர் எமது ஒழுங்கையின் நீர் எந்தக் காணி வழியாக வாவிக்கு இறங்கியது என்பதைக் கையால் காட்டக்கூடிய முதியவர்கள் மூவர் எமது வட்டாரத்தில் இன்றும் இருக்கிறார்கள். மூவரும் எண்பது வயதைக் கடந்தவர்கள். உத்தியோகத்தர் வரும் நாளைச் சொன்னால் அவர்களை அழைத்துக்கொண்டு நானும் வந்து நிற்பேன்.

இவ்வண்ணம்,
ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்,
எழுவான்கரை, மட்டக்களப்பு.