கல்லாவில் கேட்கிற பத்து ரூபாய்

சயான் கோளிவாடா, மும்பை
10 ஆகஸ்ட் 2025

அன்புள்ள கோமதி,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. பேத்தி குப்புற விழுந்துவிட்டாள் என்று படித்ததும் இவரிடம் சத்தமாக வாசித்துக் காட்டினேன். கொழுக்கட்டை அவித்தாயா? குற்றாலத்தில் சாரல் நன்றாக இருக்கிறது என்றும் எழுதியிருந்தாய். இங்கேயும் மழைதான். ஆனால் சாரல் மாதிரி முகத்தில் தூவுகிற மழை இல்லை, துணி காயவிடாத மழை. இவருக்கு முழங்கால் வலி கொஞ்சம் தேவலை. மூன்று மாடியும் படி ஏறித்தான் வர வேண்டும் என்பதால் காலையில் ஒரு தடவை இறங்கினால் சாயங்காலம்தான் ஏறுகிறார். எனக்கு ஆபீஸ் வழக்கம்போல. தாராவியில் அதே தோல் பை கம்பெனி, அதே கணக்குப் புத்தகம்.

சரி, கடைசிப் பக்கத்தில் நீ கேட்டிருந்ததற்கு வருகிறேன். தென்காசிக் கடையில் உன் மகன் முத்து புது பில் மெஷின் வைக்கப் போகிறான், ஒவ்வொரு பில்லுக்கும் ‘முதியோர் இல்லத்துக்குப் பத்து ரூபாய் சேர்க்கட்டுமா’ என்று கேட்க ஏற்பாடு பண்ணப் போகிறான், நல்ல காரியம்தானே, உன் அபிப்பிராயம் எழுது என்று கேட்டிருந்தாய்.

வேண்டாம் கோமதி. முத்துவின் மனசு எனக்குத் தெரியும். சின்ன வயதிலேயே தன் சட்டையைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வந்த பிள்ளை அவன். ஆனாலும் அந்தக் கேள்வியைக் கல்லாவில் வைக்க வேண்டாம். ஏன் என்று எழுதுகிறேன், பொறுமையாகப் படி.

போன மாதம் கடைசி வாரம். கிங்ஸ் சர்க்கிள் பக்கம் ஒரு பெரிய கடையில் எண்ணெயும் பருப்பும் வாங்கிக்கொண்டு வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் நம் பக்கத்துப் பெண் ஒருத்தி. மாட்டுங்காவில் மூன்று வீட்டில் சமையல் செய்கிறவள், தாராவி 90 அடி சாலைப் பக்கம் வீடு. பஸ் ஸ்டாப்பில் பார்த்துப் பார்த்துப் பழக்கம், என்னை அக்கா என்பாள். அவளுக்கு பில் 487 ரூபாய். நான்காக மடித்து வைத்திருந்த ஐந்நூறு ரூபாய்த் தாளை நீவிக் கொடுத்தாள். மீதி 13 ரூபாய்க்குக் கையை நீட்டினாள். பில் போடுகிற பெண் திரையைப் பார்த்தபடியே, ஏழைக் குழந்தைகள் படிப்புக்குப் பத்து ரூபாய் சேர்க்கட்டுமா மேடம் என்று இந்தியில் கேட்டாள்.

நீட்டின கை அப்படியே நின்றது. பின்னால் நாங்கள் ஆறு பேர். கேள்வி எல்லாருக்கும் கேட்டது. இவள் ஒரு தடவை திரும்பி எங்களைப் பார்த்தாள். அப்புறம் ‘டீக் ஹை’ என்றாள். மூன்று ரூபாய் கையில் வந்தது. அதைச் சேலை முனையில் முடிந்துகொண்டு, பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

என்னிடமும் அதே கேள்வி. நானும் சரி என்றேன். ஏன் சரி என்றேன் என்று இன்றைக்கும் யோசிக்கிறேன். குழந்தைகள் படிப்பு நினைவுக்கு வந்ததாலா? இல்லை. பின்னால் நிற்கிறவர்கள் என்ன நினைப்பார்களோ என்றுதான்.

வெளியே வந்தால் பஸ் ஸ்டாப்பில் அவள் இல்லை. சயான் போகிற ரோட்டில், மழையில், பையைத் தலைக்கு ஏற்றிக்கொண்டு நடந்துகொண்டிருந்தாள். கூப்பிட்டு நிறுத்தி, ஏன் பஸ்ஸில் போகவில்லை என்று கேட்டேன். இங்கே பஸ்ஸில் குறைந்தபட்ச டிக்கெட் 5 ரூபாயாக இருந்தது, இந்த மே மாதத்திலிருந்து 10 ரூபாய். அந்தப் பத்து ரூபாயைத்தான் அவள் கொடுத்துவிட்டு வந்திருக்கிறாள். ‘எல்லாரும் பார்த்துட்டு நிக்கும்போது எப்படிக்கா வேண்டாம்னு சொல்றது’ என்றாள். டாக்சி பிடித்து அவளைக் கூட்டிக்கொண்டு போய் விட்டேன். வழியெல்லாம் அவள் அதைப் பற்றிப் பேசவே இல்லை. தன் மகள் எட்டாம் வகுப்பில் நல்ல மார்க் வாங்கினதைச் சொல்லிக்கொண்டு வந்தாள். யாருடைய படிப்புக்கு யார் கொடுத்தார்கள் என்று எனக்கு நெஞ்சு அடைத்துவிட்டது.

பத்து ரூபாய் என்ன பெரிய காசா என்று முத்து கேட்பான். அவனுக்கும் எனக்கும் இல்லைதான். ஆனால் கடைக்கு வருகிறவர்களில் யாருக்கு அது சும்மா பத்து ரூபாய், யாருக்கு அது பஸ் டிக்கெட் என்று கல்லாவில் இருக்கிறவருக்கு எப்படித் தெரியும்? இல்லாதவள் வாயால் ‘இல்லை’ என்று நாலு பேர் முன்னால் சொல்ல வைப்பது கொடுமை. அதைச் சொல்லக் கூசித்தான் அவள் கொடுத்தாள்.

கேட்கிற பெண்ணையும் நினைத்துப் பார். எங்கள் மாடியில் இருக்கிற பெண் ஒரு மாலில் பில் போடும் வேலைக்குப் போகிறாள். ஒரு நாளைக்கு இத்தனை பேரிடம் வாங்க வேண்டும் என்று டார்கெட் உண்டாம். ராத்திரி கடை மூடும்போது சூப்பர்வைசர் யார் யார் எத்தனை என்று எல்லார் முன்னாலும் வாசிப்பாராம். குறைந்தால் மறுநாள் பேச்சு. கேட்கவும் வெட்கமாக இருக்கிறது ஆன்ட்டி, கேட்காமல் இருக்கவும் பயமாக இருக்கிறது என்கிறாள். இருபது வயதுப் பிள்ளை, எட்டு மணி நேரம் நின்றபடி வேலை. உங்கள் கடையிலும் அந்த இடத்தில் நிற்கப் போவது பாவூர்சத்திரத்திலிருந்தோ சுரண்டையிலிருந்தோ வருகிற ஒரு பெண்தானே.

சில்லறைத் தட்டுப்பாடு இருந்த காலத்தில் இதற்கு ஒரு நியாயமாவது இருந்தது. மீதி இரண்டு ரூபாய்க்கு சாக்லேட்டை நீட்டுவார்கள், அதற்குப் பதில் உண்டியலில் போடுங்கள் என்றால் சரிதான் என்று தோன்றும். இப்போது போனில் 387 ரூபாய் 50 காசு என்றால் அப்படியே பைசா பிசகாமல் கட்டிவிடலாம். ரவுண்டாக்க வேண்டிய தேவையே இல்லை.

கணக்கு எழுதுகிறவள் என்பதால் ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். கடைக்காரர்கள் நம் காசைக் காட்டி வரிச்சலுகை வாங்குகிறார்கள் என்று பலரும் சொல்வார்கள். ஒழுங்காகக் கணக்கு எழுதினால் அப்படி வாங்க முடியாது. அறக்கட்டளைக்காக வாங்கி அப்படியே கைமாற்றிவிடுகிற காசு கடையின் வருமானமும் இல்லை, செலவும் இல்லை. ஆனால் கொடுத்தவருக்கும் அதில் ஒன்றும் கிடைக்காது. நன்கொடைக்கு வருமான வரியில் கழிவு வேண்டுமானால் பெயரும் பான் மாதிரி ஓர் அடையாள எண்ணும் கொடுத்து, அந்த அறக்கட்டளையிடமிருந்து சான்றிதழ் வாங்க வேண்டும். புது வரி முறைக்குப் போனவர்களுக்கு அதுவும் இல்லை. கல்லாவில் பத்து ரூபாய் கொடுத்தவரிடம் யார் பெயர் கேட்டார்கள்?

ஆகக் கடைக்குக் கிடைப்பது நல்ல பெயர். பெரிய அட்டைக் காசோலையைப் பிடித்துக்கொண்டு எடுக்கிற போட்டோ. கடைத் தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைப்பது என்று உங்கள் ஆச்சி சொல்வார்களே, இங்கே கடைக்காரரே வந்தவர் பையில் இருக்கிற தேங்காயை எடுத்து உடைக்கிறார். பெரிய கம்பெனிகளுக்கு இதற்கென்றே சட்டம் இருக்கிறது. 2013 கம்பெனிச் சட்டத்தில் 135ஆம் பிரிவு. நிகர லாபம் 5 கோடியைத் தொட்டாலோ, விற்றுமுதல் 1000 கோடியோ நிகர மதிப்பு 500 கோடியோ இருந்தாலோ, முந்தைய மூன்று வருஷ சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகக் காரியங்களுக்குச் செலவழிக்க வேண்டும். தங்கள் சொந்த லாபத்திலிருந்து. முத்துவின் கடைக்கு இது பொருந்தாது. ஆனாலும் எந்தப் பையிலிருந்து முதல் காசு வர வேண்டும் என்பதை அந்தச் சட்டம் சரியாகச் சொல்கிறது என்று நினைக்கிறேன்.

போனில் சாமான் வாங்கினால் இதே கதைதான், கேட்கக்கூட மாட்டார்கள். இவருக்கு ஒரு நாள் இட்லி வரவழைத்தபோது பில்லில் மூன்று ரூபாய் தர்மம் என்று தானாகவே சேர்ந்திருந்தது. கண்ணாடி போட்டுத் தேடித்தான் எடுத்தேன். இது தப்பு என்று அரசாங்கமே சொல்லிவிட்டது. 2023 நவம்பர் 30 அன்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வெளியிட்ட விதிகளில் இப்படிப்பட்ட 13 தந்திரங்களைப் பட்டியல் போட்டிருக்கிறார்கள். வாங்குகிறவர் சம்மதம் இல்லாமல் கூடையில் நன்கொடை சேர்ப்பது அதில் ஒன்று. வேண்டாம் என்கிறவரை வெட்கப்படுத்துவதும் ஒன்று. அதற்குக் கொடுத்திருக்கிற உதாரணத்தைப் பார். நன்கொடையை நீக்கப் போனால், ‘தர்மம் பணக்காரர்களுக்கு, எனக்கு அக்கறையில்லை’ என்கிற மாதிரி எழுதியிருக்கிற பட்டனைத்தான் அழுத்த வேண்டும். என் முன்னால் நின்றவளுக்கு அந்தப் பட்டன் ஆறு ஜோடிக் கண்ணாக இருந்தது. இந்த மாதிரி நடந்தால் 1915 என்ற எண்ணில் புகார் சொல்லலாம். உன் மருமகளிடமும் சொல்லி வை.

இதையெல்லாம் படித்துவிட்டு, செண்பகம் தர்மத்துக்கே எதிரி ஆகிவிட்டாள் என்று நினைத்துவிடாதே. அம்மா திதி அன்றைக்கு வருஷா வருஷம் மாஹிம் போவேன் என்று உனக்குத் தெரியும். ஏன் அங்கே என்று உனக்கு விவரமாக எழுதினதில்லை. தர்கா பக்கம் ரோட்டோரமாகச் சில சின்ன ஓட்டல்கள். வாசலில் பெரிய பெரிய அண்டாவில் குழம்பு கொதித்துக்கொண்டிருக்கும். எதிரே நடைபாதையில் பசியோடு ஆட்கள் வரிசையாகக் குந்தியிருப்பார்கள். யாரிடமும் கை நீட்ட மாட்டார்கள், சும்மா காத்திருப்பார்கள். போகிறவர் யாராவது கல்லாவில் பணம் கட்டி ‘பத்துப் பேருக்கு’ என்றால் போதும். கடைப் பையன் வெளியே வந்து தலையை எண்ணிக் கூப்பிடுவான். பத்துப் பேர் எழுந்து போவார்கள், தட்டில் சூடாக ரொட்டியும் குழம்பும் வரும். கொடுத்தவர் நின்று பார்த்தாலும் சரி, போய்விட்டாலும் சரி. சாப்பிடுகிறவருக்கு அவர் யார் என்று தெரியாது, கும்பிட வேண்டியதும் இல்லை.

அதுவும் கல்லாவில் கொடுக்கிற காசுதான் கோமதி. ஆனால் நானாகப் போய்க் கேட்கிறேன். என்னிடம் இல்லாத மாதம் அந்தப் பக்கம் போகாமல் இருந்துவிடலாம், ஒருவருக்கும் தெரியாது.

நம் வீடுகளில் பிடி அரிசி எடுத்து வைத்ததும் அப்படித்தானே. அம்மா உலை வைக்கும்போது ஒரு பிடி அள்ளித் தனிப் பானையில் போடுவாள். அப்பாவுக்கு வேலை இல்லாத அந்த ஒரு வருஷம் அவள் கை பானைப் பக்கம் போகவே இல்லை. ஏன் போடவில்லை என்று யாரும் கேட்கவில்லை. மறு வருஷம் கை தானாகப் போனது.

இங்கே இப்போது கணபதிக்கு வர்கணி, அதாவது நன்கொடை, கேட்டுப் பையன்கள் ரசீதுப் புத்தகத்தோடு படி ஏறி வருகிறார்கள். சதுர்த்தி 27ஆம் தேதி. அவர்களும் விடமாட்டார்கள்தான். ஆனால் எல்லாம் நம் கட்டிடத்துப் பிள்ளைகள், உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்து இந்த வருஷம் இவ்வளவுதான் என்று சொல்லலாம். கொடுத்தது தெருமுனைப் பந்தலில் கண் முன்னால் நிற்கும்.

முத்து இதைச் செய்யட்டும். கல்லாவுக்கு எதிரில் வேண்டாம், கடையை விட்டு வெளியே போகிற வழியில் ஒரு உண்டியல் வைக்கட்டும். போடுகிறவரை யாரும் பார்க்காதபடி, போடாதவரையும் பார்க்காதபடி. எந்த முதியோர் இல்லம், எதற்கு, அரிசிக்கா மருந்துக்கா என்று பெரிய எழுத்தில் எழுதி ஒட்டட்டும். மாதக் கடைசியில் அந்த இல்லத்து ஆளை வைத்தே திறந்து எண்ணி, வந்தது இவ்வளவு, கொடுத்தது இவ்வளவு என்று ரசீதோடு அதே சுவரில் ஒட்டட்டும். அவன் எவ்வளவு போட்டான் என்பது முதல் வரியில் இருக்கட்டும். பில் போடுகிற பிள்ளைகள் வாயைத் திறந்து ஒரு வார்த்தை கேட்க வேண்டாம். பட்டனில் வருவதைவிடக் குறைவாகத்தான் வரும், அதையும் அவனிடம் சொல்லிவிடு. குறைகிற அந்தக் காசு, கொடுக்க முடியாதவர்களிடமிருந்து வந்திருக்கக்கூடிய காசு.

அவன் கோபித்துக்கொண்டால் எனக்கு போன் போடச் சொல். நான் பேசுகிறேன்.

அண்ணனைக் கேட்டதாகச் சொல். தீபாவளி கழிந்து இவருக்கு லீவு கிடைத்தால் ஊருக்கு வரலாம் என்று இருக்கிறோம், டிக்கெட் போட்டதும் எழுதுகிறேன். அந்தச் சமையல்காரப் பெண்ணின் மகளுக்கு ஒன்பதாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகம் ஒன்று வேண்டுமாம். அம்மா மாதிரி தமிழ் எழுதப் படிக்கத் தெரிய வேண்டும் என்று தானாகவே படிக்கிறாளாம். உன் பள்ளிக்கூடத்தில் பழையது இருந்தால் எடுத்து வை, வரும்போது வாங்கிக்கொள்கிறேன்.

அன்புடன்,
செண்பகம்